ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்த சண்டைகள்

செவ்வாய்க்கிழமை காலை குர்லாவில் ரயில் மாறிக்கொண்டிருந்தேன். அந்த மாடிப்படி நெரிசலில் யாரும் போனை எடுப்பதில்லை. திரையில் கோமதி அக்காவின் கணவர் முருகேசன் அண்ணன் பெயரைப் பார்த்ததும் எடுத்துவிட்டேன். அவர் தானாக போன் செய்கிற ஆள் இல்லை. “மல்லிகா, உங்க அக்கா தவறிட்டா” என்றார். மூன்று நாளாகக் காய்ச்சல் என்று கோமதி அக்கா விடுப்பில் இருந்தார். காய்ச்சலுக்கு நடுவே விடியற்காலையில் இதயம் நின்றுவிட்டதாம். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வழியை அடைக்கிறேன் என்று இரண்டு பேர் திட்டிவிட்டுப் போனார்கள். திட்டட்டும் என்று இருந்தேன்.

மாட்டுங்காவில் எங்கள் கண் மருத்துவமனையின் பதிவுக் கவுண்டரில் நானும் அக்காவும் ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இதைப் படிக்கிற மும்பைத் தமிழர்களில் பாதிப் பேர் அவரிடம் டோக்கன் வாங்கியிருப்பீர்கள், மீதிப் பேர் அவரிடம் ஏச்சு வாங்கியிருப்பீர்கள். ஆனால் நோயாளிகளை மட்டும் அவர் ஏசியதில்லை. ஒருமுறை ஒரு பெரியவர் தன் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டதாகச் சொல்லிக் கவுண்டர் கண்ணாடியைத் தட்டிக் கத்தினார். நான் பதிலுக்கு எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். “கண்ணு மங்கலாயி பயந்து வந்திருக்காக. கோவம் வராம வேற என்னட்டி வரும்?” என்றார். பிறகு அவரே வெளியே போய்ப் பெரியவரைக் கைபிடித்து உள்ளே கூட்டிவந்தார். அந்தப் பெரியவர் போகும்போது என்னை முறைத்துவிட்டு அக்காவுக்கு மட்டும் கும்பிடு போட்டார்.

அக்காவும் முருகேசன் அண்ணனும் தாராவியில் ஓர் ஒற்றை அறையில் இருந்தார்கள். அண்ணன் பஸ் ஓட்டுகிறவர். முதல் ஷிப்டுக்கு நான்கு மணிக்கே கிளம்பிவிடுவார். அக்கா வேலை முடிந்து, காய்கறி வாங்கி வீடு சேர எட்டாகும். ஒன்பதுக்கு அண்ணன் தூங்கிவிடுவார். ஆக, இருவரும் முகம் பார்த்துப் பேச நாளுக்கு ஒரு மணி நேரம். “அந்த ஒரு மணி நேரத்துல சண்டை வேற போடணுமாக்கும்?” என்பார் அக்கா.

அதற்கு அவர்கள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் தினசரி காலண்டர் தொங்கும். கிழித்த தாளின் பின்பக்கம் அன்றைய குறையை எழுதி டப்பாவில் போட்டுவிட வேண்டும். வாரத்தில் அதைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சம் சோறு கட்டிக்கொண்டு கோராய், உத்தன், கேள்வா என்று ஏதாவது ஒரு கடற்கரைக்குப் போவார்கள். அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் படித்துச் சண்டை போடுவார்கள். “ஈரத்துண்டு மறுபடியும் கட்டில்மேல்.” “என் தங்கச்சி பேசும்போது டிவி சத்தத்தைக் கூட்டினாக.” பாதித் தாளுக்கு ஏன் எழுதினோம் என்றே இருவருக்கும் ஞாபகம் இருக்காது. “மிஞ்சுறது ரெண்டோ மூணோதான் நெசமான சண்டை. அத நல்லாப் போட்டுரணும், அரகொறையா விடக்கூடாது” என்பார். சண்டைக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிற ஜோடியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, அதைச் சொல்லியே அக்காவைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

கிண்டல் செய்த என் வீட்டில் சண்டையே இல்லை. அதுதான் பிரச்சினை. நானும் என் கணவர் செல்வமும் அப்போது ஆண்டாப் ஹில்லில் இருந்தோம். அவருக்கு நவி மும்பையில் ஒரு கிடங்கில் மேற்பார்வை வேலை. போக வர நான்கு மணி நேரம். வந்ததும் சாப்பாடு, போன், தூக்கம். சாப்பிட்டாச்சா, கதவைப் பூட்டியாச்சா, இதற்குமேல் எங்களுக்குள் பேச்சில்லை. ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். “கோபர்கைரனேல ஒரு ரூம் பாத்துட்டேன். ஒண்ணாந்தேதி போறேன்” என்றார். சரி என்றேன். உனக்கு இங்கிருந்து ஆஸ்பத்திரி பக்கம், எனக்கு அங்கிருந்து வேலை பக்கம், எல்லாம் வசதிக்குத்தான் என்று இருவருமே சொல்லிக்கொண்டோம். வாரம் ஒருமுறை வருவாராம். தோசை கருகியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

மறுநாள் கவுண்டரில் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தார். “சரி, இந்த ஞாயித்துக்கிழம எங்ககூட அலிபாக் வாங்க, ரெண்டு பேரும்” என்றார். ஒன்றாந்தேதிக்கு நான்கு நாள் இருந்தது. செல்வம் வருவார் என்று நான் நினைக்கவில்லை. அண்ணனே போன் செய்து கூப்பிட்டதால் மறுக்க முடியாமல் வந்தார்.

படகில் மாண்ட்வா, அங்கிருந்து பஸ்ஸில் அலிபாக். கடலுக்குள் ஒரு கோட்டை இருக்கிறது. தண்ணீர் வற்றும்போது நடந்தே போகலாம். நாங்கள் முழங்காலளவு தண்ணீரில் நடந்து போனோம். பன்னிரண்டு மணிக்குக் குதிரைவண்டிக்காரர் ஒருவர் வந்து, “பானி பட் ரஹா ஹை, ச்சலோ ச்சலோ” என்று எல்லோரையும் விரட்டினார். தண்ணீர் ஏறுகிறது, கிளம்புங்கள் என்று அர்த்தம். எல்லோரும் கிளம்பினார்கள். அக்கா பையிலிருந்து அன்றைய காலண்டர் தாளை எடுத்தார். “பன்னெண்டுல இருந்து ஒண்ணரை வரைக்கும் எமகண்டம். ஒண்ணரைக்குப் பொறப்படுவோம்.”

“ஏ, நான் எமகண்டத்துலதான் தெனமும் பஸ் ஓட்டுதேன்” என்றார் அண்ணன்.

“அது ஓடிக்கிட்டிருக்க பஸ்ஸு. இது பொறப்பாடு.”

அண்ணன் இருபத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியவர். அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒன்றரைக்குக் கோட்டை வாசலுக்கு வந்து பார்த்தால் வந்த வழியைக் காணோம், மார்பளவு தண்ணீர். படகு வரவேண்டுமானால் இன்னும் தண்ணீர் ஏற வேண்டுமாம், இரண்டு மணி நேரம் ஆகும் என்று கோட்டைக் காவலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். அக்கா கொஞ்சமும் அசரவில்லை. “அதுவரைக்கும் சண்டையப் போட்டுருவோம்” என்று சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

அவர்கள் இருவரும் ஈரத்துண்டில் தொடங்கி ஐந்து தாளை முடித்தார்கள். பிறகு அக்கா ஒரு வெற்றுத் தாளை செல்வத்திடம் நீட்டினார். “தம்பி, உங்களுக்கு ஒரு கொறையும் இல்லையா?” அவர் எழுதவில்லை. தாளை மடித்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்தபடியே, “ரூம் பாத்துட்டேன்னு சொன்னேன். சரின்னுட்டா. அவ்ளோதான்க்கா” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். “வர்றியான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“நீ வரமாட்டேன்னு நெனச்சேன்.”

“நீங்களா நெனச்சுக்கிட்டா? கேக்க வேண்டியதுதானே!”

ஒரு வருடத்தில் நாங்கள் போட்ட முதல் சண்டை அது. நன்றாகவே போட்டோம். அழுதேன், கத்தினேன், காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அக்காவும் அண்ணனும் எழுந்து போய்க் கோட்டைச் சுவரோரம் கடலைப் பார்த்து நின்றுகொண்டார்கள். எல்லாம் ஓய்ந்தபின் செல்வம் கேட்டார், “வர்றியா?” தினமும் மூன்று ரயில் மாற வேண்டும் என்று எனக்குத் தெரியும். வர்றேன் என்றேன். படகில் திரும்பும்போது அக்கா மிச்சமிருந்த சோற்றை எங்கள் இருவருக்கும் ஒரே தட்டில் வைத்துக் கொடுத்தார்.

இது நடந்து நான்கு வருடம். குர்லா நெரிசலில் மிதிபடும்போதெல்லாம் அக்காவைத் திட்டியிருக்கிறேன், அவரிடமே சொல்லியும் இருக்கிறேன். “எழுதி வையி” என்பார். இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியாமல்தான் தினமும் அந்தப் படி ஏறுகிறேன். பக்கத்து நாற்காலியில் புதிதாக ஒரு பெண் வந்துவிட்டாள். நல்ல பெண். அவளிடம் நான் சரியாகப் பேசுவதில்லை, அது என் தப்பு, மாற்றிக்கொள்வேன்.

அக்காவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். ஒருவர் மனதில் இருப்பதை நானே தீர்மானித்துவிடாமல், அவரிடமே கேட்டுவிடுவது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் முருகேசன் அண்ணன் எங்கும் போவதில்லை என்றார்கள். டூட்டி, வீடு, அவ்வளவுதான். கடல் பக்கம் இனி அவர் வரவே மாட்டார், பேச்சைக்கூட எடுக்காதே, மனுஷன் உடைந்துவிடுவார் என்று உறவுக்காரர்கள் என்னிடம் சொன்னார்கள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை காலை நானும் செல்வமும் தாராவிக்குப் போனோம். அண்ணன் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு, அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். செல்வம் வாசலில் நின்றபடியே கேட்டார், “அண்ணே, உத்தனுக்குப் போறோம். வர்றீங்களா?”

அண்ணன் எங்களை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து பூட்டையும் சாவியையும் எடுத்தார்.

“மூணு வாரமா ரெடியாத்தான் இருக்கேன் தம்பி. ஒருத்தரும் கேக்கல.”