விரிப்பின் மறுமுனையில் ஒரு கட்சிக்காரர்

நாத்தனார் ஊரைவிட்டுக் கிளம்பிய செவ்வாய்க்கிழமை, சலவைக்கூடத்தில் விரிப்புகள் மலைபோல் குவிந்து கிடந்தன. மருத்துவமனை வண்டியும் விடுதி வண்டியும் ஒரே நேரத்தில் வந்து கொட்டிவிட்டுப் போயிருந்தன. அதனால் அங்கே விரிப்பு மடிக்கும் வம்பக்காவால் பேருந்து நிலையம்வரை போய் வழியனுப்ப முடியவில்லை. பின்வாசலில், நீராவிக் குழாய் உஸ்ஸென்று மூச்சு விடும் இடத்திலேயே நின்று விடைகொடுத்தாள்.

"அண்ணி, மூஞ்சியை இப்படித் தொங்கப் போடாதீங்க. டிவியில பேசத்தானே போறேன்?"

"யாரு தொங்கப் போட்டா? என் மூஞ்சியே இப்படித்தான். உங்க அண்ணனைக் கேளு."

"நான் போயிட்டா நம்ம பேச்சு என்ன ஆகும்? அதை நினைச்சாத்தான் கால் வர மாட்டேங்குது."

"உன் வாய் மட்டும்தான் வாயா? கிளம்புடி, பஸ் போயிடும்."

வாய்க்கு அது வந்ததே தவிர, அவள் மனசைக் குடைந்ததும் அதே கேள்விதான்.

பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஓர் உதறு உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். பிறகு விலகிப் போய் மறுபடி நெருங்கி வர வேண்டும். அண்ணியும் நாத்தனாரும் விலகி நிற்கும்போது அன்றைய செய்தியைச் சொல்வார்கள். முனைகள் சேரும்போது அதற்கு ஒரு குத்தல் விழும். "பால் விலை ஏறவே ஏறாதுன்னு அமைச்சர் சத்தியம் பண்ணியிருக்காரு" என்று ஒருத்தி அந்தக் கோடியிலிருந்து சொன்னால், பக்கத்தில் வந்ததும் மற்றவள், "அப்போ இன்னைக்கே ரெண்டு பாக்கெட் சேர்த்து வாங்கிடணும்" என்பாள். சிரிப்பு அடங்குவதற்குள் விரிப்பு மடிந்துவிடும்.

அலமாரி மேல் ஒரு ஃபோன் இதையெல்லாம் பதிவு செய்துகொண்டிருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வம்பக்கா அதை ஃபோனில் இருந்த சொந்தக்காரர் குழுவுக்கு அனுப்புவாள். முதலில் சொந்தக்காரர்கள் மட்டும் கேட்டார்கள். பிறகு வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள், செவிலியர்கள், ஊர் தெரியாத யார் யாரோ சேர்ந்துகொண்டார்கள். துணி உதறும் சத்தம் கேட்காவிட்டால் சாப்பாடு இறங்கவில்லை என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். "யாரு ஜெயிச்சாலும் நமக்கு மடிக்கிற வேலைதான். அதனால நாம யாரை வேணா கேக்கலாம்" என்பது வம்பக்காவின் கொள்கை.

அதைக் கேட்ட டிவிக்காரர்கள் சிலர் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு நாத்தனாரை மட்டும் கூப்பிட்டார்கள். வம்பக்காவுக்கு வயிறு கொஞ்சம் எரிந்தது உண்மை. அண்ணி என்ற முறைக்கு அதில் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டாள்.

புது ஆள் வர நாளாகும் என்றார் மேலாளர். வம்பக்கா சுவரில் இருந்த கொக்கியில் இரண்டு முனைகளை மாட்டி, மற்ற இரண்டைத் தானே பிடித்துக்கொண்டு மடித்தாள். கொக்கியைப் பார்த்து அமைச்சரைப் பற்றிச் சொன்னாள். அவளே நெருங்கிப் போய்க் குத்தலையும் சொன்னாள். சிரிக்கத்தான் ஆளில்லை.

"இன்னைக்குப் பேச்சு எப்படி?" என்று வீட்டில் கேட்டார் அவள் கணவர்.

"கொக்கிக்கு நல்ல பொறுமை. உங்களைவிடப் பரவாயில்ல."

கேலி பேசினாளே ஒழிய, கேட்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். நாத்தனார் அனுப்பியதோ அலங்காரம் செய்த முகப் படங்கள்தான். பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிடலாம் என்று வம்பக்கா முடிவு செய்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை பாய்லரைச் சுத்தம் செய்ய நிறுத்தியிருந்தார்கள். அதை ஓட்டும் பாய்லர் அண்ணன் சும்மா இருந்ததால், அவரை மடிக்க அனுப்பினார் மேலாளர். அண்ணன் ஆளும் கட்சிக்காரர். குளிக்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் சட்டைப்பையில் கட்சிச் சின்னம் குத்தியிருப்பார். உர்ரென்று வந்து முனையைப் பிடித்தார்.

"இழுக்காதீங்கண்ணே, கிழிஞ்சிடும்."

"கிழியட்டும். நேத்து எங்க கட்சியை என்ன கிழி கிழிச்ச? சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு தினமும் கேட்டுட்டுத்தாம்மா இருக்கேன்."

"தினமுமா? அப்போ சிரிச்சிருப்பீங்களே."

"வீட்டுக்குப் போய்ச் சிரிப்பேன். கட்சிக்காரன் வெளியில சிரிக்க முடியுமா?"

வம்பக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சரி, உங்க தலைவர் பேசின கூட்டத்துக்குப் போனீங்களே, என்ன சொன்னாரு?"

"அருமையாப் பேசினாரு. மத்தியானம் ஆரம்பிச்சவரு இருட்டினப்புறம்தான் முடிச்சாரு. நான் நின்ன இடத்தைவிட்டு அசையல."

"அதான், என்ன சொன்னாரு?"

அண்ணன் முனையோடு நடந்து வந்தார். வம்பக்காவின் கையில் அதைச் சேர்த்தார். ரொம்ப யோசித்தார்.

"வீட்டுக்கு வந்ததும் என் சம்சாரமும் இதையேதான் கேட்டா" என்றார்.

வம்பக்கா சிரித்த சிரிப்பில் விரிப்பு கை நழுவித் தரையில் விழுந்தது. பழக்கதோஷத்தில் அவள் தட்டிவிட்டிருந்த ஃபோன் எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. அனுப்பலாமா என்று கேட்டாள்.

"அனுப்பு. ஆனா நான் பேசினதுல ஒரு எழுத்தைக்கூட வெட்டக் கூடாது. எங்க கட்சிக்கு நான் சொன்ன நல்லதும் அதுல வரணும்."

அதன்பின் தினமும் காலையில் பாய்லரைத் துணையாளிடம் விட்டுவிட்டு அவரே வந்து நின்றார். நாத்தனாரோடு பேசியது பாட்டுக்குப் பாட்டு என்றால், இது கயிறு இழுக்கும் போட்டி. தூரத்தில் நின்று கத்துவார்கள். கத்தினாலும் முனையைச் சேர்க்கப் பக்கத்தில் வந்துதானே ஆக வேண்டும்? விரலோடு விரல் படும்போது யாராலும் முழுச் சத்தத்தில் கத்த முடிவதில்லை.

ஒருநாள் வம்பக்கா நகரசபை கட்டிய புதுத் தண்ணீர்த் தொட்டியை எடுத்தாள். "திறப்பு விழாவுல ரிப்பன் வெட்டினாங்க. அதுக்கப்புறம் அந்தத் தொட்டி சொட்டுத் தண்ணியைப் பாக்கல."

"நீ போய்ப் பாத்தியா?"

"ஊரே சொல்லுது."

"ஊரை விடு. நீ பாத்தியா?"

அந்த விரிப்பின் முனைகள் அன்று சேரவே இல்லை. வேலை முடிந்ததும் அண்ணன் அவளைக் கையோடு அழைத்துப் போனார். தொட்டி நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. குடத்தோடு நின்ற ஒருத்தி வம்பக்காவின் குரலை அடையாளம் கண்டுகொண்டாள்.

"அக்கா, மத்தியானம் தொட்டியைப் பத்திப் போட்டீங்களே ஒரு போடு! இங்க தண்ணி பிடிச்சுக்கிட்டேதான் கேட்டோம். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுடுச்சு."

"தண்ணிதான் வருதே! பொய்யின்னு உங்களுக்குத் தோணலையா?"

"அட, காமெடிக்கு அதெல்லாம் யாரு பாக்குறா?"

சுருக்கென்றது வம்பக்காவுக்கு. தானும் நாத்தனாரும் இத்தனை நாள் சிரித்ததில் எத்தனையை நேரில் போய்ப் பார்த்தோம் என்று வழியெல்லாம் யோசித்தாள். 'நீ பாத்தியா' என்று நாத்தனார் ஒருநாளும் கேட்டதில்லை. நாத்தனாரிடம் இவளும் கேட்டதில்லை. தப்பு என்று ஒப்புக்கொண்டால் மிச்சமிருப்பவர்களும் போய்விடுவார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால், யாரை வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற கொள்கை தன்னிடம் மட்டும் செல்லாது என்றாகிவிடும்.

மறுநாள் முதல் விரிப்பை உதறியதுமே சொன்னாள்: "நேத்து நான் சொன்னது தப்பு. தொட்டியில தண்ணி இருக்கு. நானே குடிச்சுப் பாத்தேன்."

எதிர்முனையில் அண்ணன் தன் பங்குக்கு விரிப்பை உதறினார். பிறகு, "தொட்டிக்கு வாங்கின குழாயில பாதியைத்தான் காணோம். அது எங்க ஆளுங்க கைவரிசைதான்" என்றார்.

அன்று இரு பக்கமும் அடி விழுந்தது. விலை போய்விட்டாயா என்று குழுவில் சிலர் அவளை வறுத்தெடுத்தார்கள். குழாய் விஷயத்தை வெளியில் சொன்னதற்காகக் கட்சி அலுவலகம் அண்ணனைக் கூப்பிட்டுக் கண்டித்தது.

"எவ்வளவு குடுத்தாங்க?" என்று கேட்டார் கணவர்.

"ஒரு சொம்புத் தண்ணி."

சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். போனவர்களைவிட அதிகம் பேர் வந்தார்கள். அதற்காக இல்லாவிட்டாலும், மனசு லேசாகி வம்பக்கா நன்றாகத் தூங்கினாள்.

காலம் ஓடியது. தேர்தல் வந்தது. அண்ணனின் கட்சி மண்ணைக் கவ்வியது. மறுநாள் அவர் சின்னத்தோடு வந்து முனையைப் பிடித்தார். "இப்போ நான் எதிர்க்கட்சி. இனிமே உன்னைவிட நான் நல்லா கேலி பண்ணுவேன், பாரு" என்றார். பண்ணவும் பண்ணினார்.

அதற்கும் வெகுநாள் கழித்து, ஒரு மதியம் வம்பக்காவின் ஃபோனில் ஒரு குரல் செய்தி வந்தது.

"அண்ணி, நேத்து பஸ் கட்டணத்தைப் பத்திப் பேசினீங்களே, கேட்டேன். பாய்லர் அண்ணன் சொன்னது சுத்த உளறல். அதுக்கு நீங்க சொன்ன பதில் அதைவிட உளறல். ரொம்ப நாளாவே கேட்டுட்டுத்தான் இருக்கேன். நான் இல்லாமலும் நல்லா நடக்குதேன்னு பொறாமை, அதான் வாயைத் திறக்கல. இங்க எழுதிக் குடுக்கறதைத்தான் பேசணும், அண்ணி. ஆனா இது நானே சொல்றது. கட்டணம் ஏத்தினது சரிதான். ஏன்னா..."

செய்தி இன்னும் நீளமாக இருந்தது. வம்பக்கா அதை நிறுத்திவிட்டு, ஃபோனைக் கன்னத்தோடு ஒருகணம் வைத்துக்கொண்டாள்.

"யாரும்மா, நம்ம டிவிக்காரப் பொண்ணா? என்னைப் போய் உளறல்ங்குது!" என்று பக்கத்தில் இருந்த அண்ணன் சிலிர்த்துக்கொண்டார்.

"என் நாத்தனாரேதான்."

"சத்தமா வெச்சு முழுசாப் போடு. எங்க தப்பு பண்ணுதுன்னு பாக்கறேன்."

வம்பக்கா சத்தத்தைக் கூட்டி, செய்தியை முதலிலிருந்து ஓடவிட்டாள்.