வெர்டெல் பார்லரில் படித்த திங்கட்கிழமைகள்

வெர்டெல் பெயரை நான் முதலில் கேட்டது ஈஸ்டருக்கு முந்தின நாள். என் அண்ணி ஒஃபீலியா சுருட்டை முடியெல்லாம் நீவி, பளபளவென்று வந்து நின்றாள். யார் செய்துவிட்டது என்று கேட்டேன்.

"உங்க ஐசையா பெரியப்பா மக வெர்டெல்தான். சார்ல்ஸ்டன்ல தொழில் கத்துக்கிட்டு வந்து பார்லர் போட்டிருக்கா. இரும்புச் சீப்பைப் பழுக்கக் காச்சித்தான் சுருட்டையை நீவுவா. அவ பேச்சு அதைவிடச் சூடு."

பெரியப்பா இரண்டாந்தாரத்தோடு ஆற்றுக்கு அக்கரையில் இருந்ததால் அந்தத் தங்கையை அதுவரை நான் பார்த்ததில்லை.

அப்போதெல்லாம் எங்கள் தீவில் கறுப்பு ஜனம் ஓட்டுக்குப் பெயர் எழுதப் போனால், வெள்ளைக்கார முதலாளி வேலையிலிருந்து நிறுத்திவிடுவார். வெர்டெலை நிறுத்த ஆளில்லை; அவள் கடைக்கு வந்த தலையெல்லாம் நம் ஜனத்தின் தலை. திங்கட்கிழமை பார்லருக்கு விடுமுறை. அன்று கதவைச் சாத்திக்கொண்டு எனக்கும் ஒஃபீலியாவுக்கும் இன்னும் ஆறு பெண்களுக்கும் எழுத்து சொல்லிக்கொடுத்தாள். கோர்ட்டில் சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசித்துக் காட்டினால்தான் பெயரைப் பதிந்து ஓட்டுரிமைச் சீட்டுக் கொடுப்பார்கள். ஜெபவீட்டில் பாட்டு எடுத்துக்கொடுப்பதுபோல் அவள் ஒரு வரி சொல்வாள், நாங்கள் எட்டுப்பேரும் ராகமாகத் திருப்பிச் சொல்வோம். பிறகு தனித்தனியே விரல் வைத்து எழுத்துக்கூட்ட வேண்டும்.

நான் சிப்பி உடைக்கும் கொட்டகையில் வேலை செய்தேன். அந்த மாதம் முதலாளி ஊரில் இல்லை. அடுத்த மாதம் வந்துவிடுவார், ஆகவே ஒரே தடவையில் சீட்டு வாங்கியாக வேண்டும்.

வெர்டெல் காரில் நெருக்கியடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனோம். முதல் ஆள் நான். ஒரு வரி வாசித்தேன். வராந்தாவில் நின்ற ஏழு பேரும் பழக்க தோஷத்தில் அதை ராகத்தோடு திருப்பிச் சொன்னார்கள்.

குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டார். "என்ன இது, சர்ச்சா? வெளியிலிருந்து எடுத்துக்கொடுக்கிறாங்களா? செல்லாது."

வெர்டெல் உள்ளே வந்தாள்.

"ஐயா, அது நான் பழக்கின பழக்கம். எல்லாரையும் வாசலுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். நீங்க வேற பக்கம் கொடுங்க."

பழகின பக்கத்தை விட்டுவிட்டு வேறு பக்கமா? அவளை முறைத்தேன்.

"அக்கா, மெதுவா எழுத்துக்கூட்டு. அவசரம் அவருக்குத்தான்," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

குமாஸ்தா பத்துப் பதினைந்து பக்கம் தள்ளித் திருப்பினார். விரலை வைத்துப் படித்தேன். ஒரு நீளமான சொல்லில் மூன்று தடவை நின்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. கடைசி வரி முடிந்ததும் கையெழுத்துப் போட்டுச் சீட்டைத் தள்ளினார்.

வாசலுக்கு வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னடி ஆச்சு?" என்றாள் ஒஃபீலியா. சீட்டைக் காட்டினேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"உக்காந்தது போதும் அண்ணி, அடுத்தது நீங்க," என்றாள் வெர்டெல். "மத்தவங்க வாயைப் பொத்திக்கிட்டு நில்லுங்கடி."

சாயங்காலத்துக்குள் எட்டுப்பேருக்கும் சீட்டு கிடைத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பேரை அவள் அப்படிக் கூட்டிப்போனாள்.

வெர்டெல் இப்போது சவானாவில் மகள் கொரின் வீட்டில் இருக்கிறாள். முழங்கால் ஆபரேஷன் நல்லபடி முடிந்து, கைத்தடி இல்லாமல் நடக்கிறாள்.