சாக்ஸ் போடாத காவலாளி

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த வங்கிக் கிளையின் காவலாளி ஒரு முன்னாள் ராணுவக்காரர். கத்தரித்த மீசை, மடிப்புக் கலையாத காக்கி, முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் பூட்ஸ். சாக்ஸ் மட்டும் போடமாட்டார். குதிகால் உரிந்து ரத்தம் கசியும். பார்க்கப் பொறுக்காமல் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜோடி வாங்கிவந்து நீட்டினேன்.

“வேணாம் சார். எழுபத்தொண்ணுல பனிமலைல சண்டை நடந்தப்போ என் சாக்ஸு நனைஞ்சு வெறைச்சுப் போச்சு. பக்கத்துல குண்டடிபட்டுக் கெடந்தவன் கால்லேர்ந்து கயட்டிக்கினேன்.”

“எதிரியா?”

“நம்மாளுதான். ஒரே டென்ட்டுல படுத்துக்கினு இருந்தவன்.”

“செத்தவருக்கு அது எதுக்கு? விடுங்க.”

“உசுரு இருந்துச்சு சார். என்னையே பாத்துக்கினு இருந்தான்.”

ரயில் நேரம் சொல்வது போலத்தான் சொன்னார்.

“கால் சூடானதும் நல்லா தூக்கம் வந்துச்சு. காலைலதான் முழிச்சேன்.”

வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். இவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

அவருக்கு வாங்கிய சாக்ஸை அப்புறம் நானே போட்டுத் தேய்த்தேன். ‘எதிரியா’ என்று கேட்டேனே, ஆமாம் என்று அவர் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு என் இருக்கைக்குப் போயிருப்பேன்.