குழாயடியில் வந்த பாட்டு

பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாய் வழியாகத் தங்கவயலுக்கு வரத் தொடங்கிய புதிது. நாங்கள் ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்புப் பக்கம், வரிசையாக மூங்கில் தட்டி அடித்த லைன் வீடு ஒன்றில் குடியிருந்தோம். என் கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. எனக்கு மிஷன் பள்ளியில் படித்த எழுத்தும், எதைக் கண்டாலும் பாட்டுக் கட்டிவிடுகிற பழக்கமும் உண்டு.

முந்தின வருஷம் சுரங்கத்துக்குள் பாறை சரிந்து எங்கள் சபையைச் சேர்ந்த மூன்று பேர் இறந்திருந்தார்கள். அவர்கள் நினைவாக ஆராதனை நடத்த உபதேசியார் ஏற்பாடு செய்தார். அதற்கு நான் புதுப்பாட்டு கட்டித் தருவேன் என்று ஞாயிற்றுக்கிழமை சபை நடுவே சொல்லியும்விட்டார். இரண்டு வாரம் இருந்தது. எனக்கு அது பெரிய காரியமாகவே தோன்றவில்லை.

உபதேசியாரின் மனைவி நல்ல மனுஷி. லைன் வீட்டுச் சந்தடியில் நான் எப்படி எழுதுவேன் என்று இரக்கப்பட்டு, தன் வீட்டிலேயே ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். மேஜை, காகிதம், மைக்கூடு எல்லாம் இருந்தன. நான் வந்தால் பிள்ளைகளைக்கூட அந்தப் பக்கம் விடமாட்டார். ஐந்து நாள் காலையில் போய் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வரி வந்தது. முத்து வாசல், பொன் வீதி, வாடாத கிரீடம் என்று பரலோகத்தைப் பற்றி எல்லாம் அழகாக அமைந்துவிட்டது. எனக்கே பெருமையாக இருந்தது.

ஆறாம் நாள் காலை குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்றபோது, மற்றப் பெண்கள் பாடிக் காட்டச் சொன்னார்கள். பாடினேன். நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். இறந்த மூவரில் ஒருவருடைய மனைவியும் அங்கே நின்றிருந்தார். அவர் மட்டும் பேசவில்லை. நானாகவே, "இன்னாக்கா, ஒண்ணும் சொல்லலியே?" என்று கேட்டுவிட்டேன்.

"நல்லாத்தான் கீது. தங்க வீதியில நடக்கிறாருன்ற. தங்கம் தோண்டப் போய்த்தானேம்மா செத்தாரு? இந்தப் பாட்டுல எங்க ஊட்டுக்காரரு எங்க கீறாரு?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. இவருக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்றுகூட நினைத்தேன். மனத்துக்குள்ளேயே பன்னிரண்டு வரியையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே அதில் யாரும் இல்லை. எந்த ஊரில் எவர் இறந்தாலும் பாடலாம்.

"அவரு எப்டி இருப்பாருக்கா?" என்று கேட்டேன்.

"ஷிஃப்டுக்குப் போறப்ப களியில பாதிய சட்டியிலயே வச்சிடுவாரு. வந்து துன்றேன், மூடி வைன்னுவாரு. அன்னிக்கும் மூடி வச்சினுதான் இருந்தேன்."

வரிசையில் நின்ற மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். இறந்தவர்களில் இரண்டாமவர், சுரங்க இருட்டில் வெளிச்சத்துக்குச் செய்வதுபோலவே தலைப்பாகையில் களிமண் வைத்து மெழுகுவர்த்தியைச் செருகிக்கொண்டு, தெருவிலேயே பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுவாராம். மூன்றாமவர் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கும்போது பயம் தெரியாமலிருக்க உரக்கப் பாடுவாராம். தண்ணீர் நூல்போலத்தான் வந்தது. குடங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. எனக்கு உதடு அசையத் தொடங்கிவிட்டது.

பாதிக் களி சட்டியிலே, பசியோடு போனவரே,
மீதிக் களி ஆறிப்போச்சு, வாசலையே பார்த்திருந்தோம்.

என் முறை வந்து குடம் நிறைந்தபோது நாலு வரி ஆகியிருந்தது. வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. நிறைந்த தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்காரியின் குடத்தில் ஊற்றிவிட்டு, மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். மூன்று நாள் இப்படியே செய்தேன். எங்கள் வேதக்கோயில் வாசலை மிதித்தே அறியாத, மாரியம்மனைக் கும்பிடுகிற ஒருத்திதான் கடைசி வரிக்கு எதுகை எடுத்துக் கொடுத்தாள்.

உபதேசியாரின் மனைவியிடம் அறை வேண்டாம் என்று சொல்லப் போனபோது அவர் முகம் வாடிவிட்டது.

"இங்க எதனா கொறையா?"

"ஒரு குறையும் இல்லீங்கம்மா. ஆனா இங்க உக்காந்தா அவங்க யாரும் எனக்கு ஞாபகத்துக்கு வரலீங்க."

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. தலையை மட்டும் அசைத்தார். உபதேசியார் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, கோயிலில் களியைப் பற்றிப் பாடலாமா என்று தயங்கினார். "அப்பத்தைப் பத்திப் பாடுறோமே, ஐயா. எங்க ஊட்டுல அப்பம் ஏது?" என்றேன். எனக்கே அந்தத் தைரியம் புதிதாக இருந்தது. அவர் சிறிது யோசித்தார். பேனாவை எடுத்து ஓர் எழுத்துப்பிழையை மட்டும் திருத்தி என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

ஆராதனையன்று நான் யாருக்கும் பாட்டைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. குழாயடிப் பெண்கள் எல்லாருக்கும் அது மனப்பாடமாக இருந்தது. தன் வீட்டுக்காரரைப் பற்றிய அடி வந்தபோது அந்த அக்கா எழுந்து நின்றார். அழுவார் என்று நினைத்தேன். எங்கள் எல்லாரையும்விட உரக்கப் பாடினார்.

அமைதியான அறையை நான் பழிக்கவில்லை. உபதேசியார் பிரசங்கம் எழுதுவது அதே வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டுதான். நன்றாகவே எழுதுகிறார். என் சங்கதி வேறு. அதற்குப் பிறகு கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் எத்தனையோ பாட்டுக் கட்டிவிட்டேன். வார்த்தை வருமோ வராதோ என்ற பயம் ஒரு நாளும் வந்ததில்லை. எங்கே போய் யார் நடுவில் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.