முதல் தடவையே ‘சரி’ என்றவள்

ஹனோவரில் நான் தங்கியிருந்த மாணவர் விடுதியில் ஆறு பேருக்கு ஒரே சமையலறை. ஆறு பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுவோம். ஆனால் யாரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்து, “சாப்பிடறியா?” என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்க மாட்டார்கள். வந்த புதிதில் இது எனக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தன் முழுப் பீட்சாவைத் தின்கிறான், நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்டால் குடியா முழுகிவிடும் என்று மனசுக்குள் திட்டுவேன். கேட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன், அது வேறு விஷயம். கேட்க வேண்டுமா இல்லையா? இதைக் கோயம்புத்தூரில் இருந்து படிப்பவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

ஒருத்தி மட்டும் கேட்டாள். பக்கத்து அறை அன்கே, மண்ணியல் படிக்கும் ஜெர்மன் பெண். தன் பிறந்தநாளுக்கு ஆப்பிள் கேக் சுட்டிருந்தாள். வாசனை மாடி முழுக்க நிறைந்திருந்தது. “உனக்கு ஒரு துண்டு?” என்றாள். “பரவாயில்லை, வேண்டாம்” என்றேன். நம் வீட்டில் வளர்ந்த யாரும் அப்படித்தானே சொல்வார்கள்? இரண்டாம் தடவை கேட்பாள், அப்போதும் மறுக்க வேண்டும். மூன்றாம் தடவை தட்டிலேயே வைத்துவிடுவாள், அதன் பிறகு வேறு வழியே இல்லாததுபோல் சாப்பிட வேண்டும். அன்கே “அல்லெஸ் கிளார்”, அதாவது சரி, என்று சொல்லிவிட்டுக் கேக்கை மூடி ஃபிரிட்ஜுக்குள் வைத்தாள். எனக்கு வாயெல்லாம் எச்சில், கண்ணெல்லாம் தண்ணீர். அதோடு போகவில்லை. அந்த வருடம் முழுக்க யார் இனிப்பு கொண்டுவந்தாலும், “கயலுக்கு வேண்டாம், அவள் இனிப்பு தொடமாட்டாள்” என்று அவளே முந்திக்கொண்டு எனக்காக மறுத்துக்கொண்டிருந்தாள். நல்ல மனசுதான், என்ன செய்வது!

இந்த ஊரில் முதல் தடவை கேட்பதுதான் கடைசித் தடவையும் என்று அப்படித்தான் கற்றுக்கொண்டேன். அப்புறம் யார் எதை நீட்டினாலும் கேள்வி முடிவதற்குள் “யா, கேர்ன்”, அதாவது தாராளமாகக் கொடு, என்றுவிடுவேன். வெட்கம் மானம் எல்லாம் பார்த்தால் பட்டினிதான்.

சாப்பாட்டை அப்படிச் சமாளித்துவிட்டேன், பேச்சைத்தான் முடியவில்லை. ஊரில் என்னை வாயாடி என்பார்கள். கல்லூரியில் பட்டிமன்றம் என்றால் என் பெயரை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றவர்களைத் தேடுவார்கள். ஆட்டோக்காரரிடம் நான் பேரம் பேசுவதைக் கேட்டுவிட்டு அப்பா தள்ளிப் போய் நின்றுகொள்வார். அப்படிப்பட்டவள் ஹனோவரில் நீரியல் முதுகலை வகுப்பில் இரண்டு வருடம் வாயே திறக்கவில்லை. ஒரு கேள்வியை மனசுக்குள் ஜெர்மன் வாக்கியமாகக் கட்டி, வினைச்சொல்லைக் கடைசியில் கொண்டுபோய் வைத்து, கையைத் தூக்கலாம் என்று பார்ப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். கொஞ்ச நாளில் எல்லாரும் என்னை அமைதியான இந்தியப் பெண் என்று பாராட்டத் தொடங்கினார்கள். பாராட்டா அது! எரிச்சல் எரிச்சலாக வரும். அந்த எரிச்சலைச் சொல்லவும் வாய் வராது.

பெரு நாட்டுக் கடலோரக் கிராமங்களில் கிணற்று நீரைப் பரிசோதிக்கும் களப்பணிக்கு ஆள் எடுத்தபோது இந்த ஊமைத்தனம் என் வழியில் வந்து நின்றது. நான் ஜெர்மனிக்கு வந்ததே இப்படி ஒரு வேலைக்காகத்தான். ஆய்வகத்தில் என் கணக்குகள் சுத்தம் என்பது பேராசிரியருக்கும் தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “களத்தில் பாதி வேலை ஆட்களிடம் கேள்வி கேட்பது. நீங்கள் என்னிடமே இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. அங்கே ஸ்பானிஷில் வேறு கேட்க வேண்டும்.” பிறகு மனம் இளகி ஒரு வழி சொன்னார். கோடை விடுமுறையில் ஸ்பெயினில் சலமன்கா நகரில் மொழி வகுப்பு ஒன்று இருக்கிறது, அதன் முடிவில் வாய்மொழித் தேர்வு உண்டு, அதில் தேறி வந்தால் இடம் எனக்கு, இல்லையென்றால் அடுத்த பெயருக்கு.

ஸ்பானிஷ் எனக்குப் புதிதில்லை. மாலை வகுப்பில் ஒரு வருடம் படித்திருந்தேன். ஜெர்மன்காரர்கள் தொண்டையில் கரகரக்கும் ஸ்பானிஷ் ‘ர’கரம் நமக்கு நாக்கு நுனியில் தானாக உருளும். ஆசிரியை என்னை எழுப்பி வாசிக்கச் சொல்லி மற்றவர்களைக் கேட்கவைப்பார். வாசிக்கும்போது கிளி மாதிரிதான் இருப்பேன். புத்தகத்தை மூடிவிட்டுப் பேசச் சொன்னால் போச்சு. அன்கேயும் அதே வகுப்பில் படித்தவள், தானும் சலமன்காவுக்கு வருவதாகச் சொன்னாள். தொலைபேசி அட்டையைச் சுரண்டி அம்மாவைக் கூப்பிட்டேன். “ஏங் கண்ணு, படிக்கப் போன எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குப் படிக்கப் போறயா? ஜெர்மனில பாடம் தீந்து போச்சா?” என்றார். ஹனோவரில் தமிழ்க் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து அக்காவோ கையை உதறினார். “ஸ்பெயினுக்கோ போறீங்கள்? அங்கத்தையச் சாப்பாடு வாயில வைக்க ஏலாது பிள்ளை. இதைக் கொண்டு போங்கோ” என்று ஒரு பெரிய மிக்சர் பொட்டலத்தைப் பையில் திணித்தார்.

அடேயப்பா, சலமன்கா! மாலை ஒன்பது மணிக்கும் வெயில் அடித்தது. தேன் நிறக் கல்லில் கட்டிய நாற்சதுரப் பெரிய முற்றத்தில் ஊரே திரண்டு நடந்தது. கைக்குழந்தை முதல் கைத்தடிக் கிழவர் வரை வெளியில்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், யாரும் யாருக்காகவும் நிறுத்தவில்லை. ஹனோவரில் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்பூன் கீழே விழுந்தால் அடுத்த வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றும். இங்கே தீபாவளிக்கு முந்தின நாள் கோவை கிராஸ்கட் ரோட்டில் நிற்பதுபோல் இருந்தது. ஆறு மணிக்கே சாப்பிட்டுப் பழகிய அன்கே, பத்து மணி இரவுச் சாப்பாட்டுக்குக் காத்திருந்து வாடிப்போனாள். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, ஆனால் இவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் நான் மட்டும் ஊமையாகத்தான் இருந்தேன். வகுப்பில் கேட்டதற்குப் பதில், கடையில் கையைக் காட்டிக் கணக்கு. முதல் வாரம் இப்படியே போனது. பெரு கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் சனிக்கிழமை, மதில் சூழ்ந்த ஆவிலா நகரைப் பார்க்க நானும் அன்கேயும் ரயில் ஏறினோம். எதிரில் நடுத்தர வயதுத் தம்பதி. ரயில் நகர்ந்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்மணி மடியில் துணியை விரித்து, வட்டமான உருளைக்கிழங்கு ஆம்லெட்டை எடுத்து வைத்தார். அடை கனத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். கத்தியைக் கையில் எடுத்துவிட்டு எங்களைப் பார்த்து, “குஸ்தாய்ஸ்?” என்றார். உங்களுக்கும் வேண்டுமா என்று அர்த்தம்.

அன்கே அழகாகச் சிரித்து, “கே அப்ரோவேச்சே” என்றாள். நீங்கள் நன்றாகச் சாப்பிடுங்கள் என்பது. நான்? ஹனோவர் பழக்கம். கேள்வி முடிவதற்குள், “ஆமாம், மிக்க நன்றி” என்று கையை நீட்டிவிட்டேன்.

கணவர் மனைவியைப் பார்த்தார், மனைவி கத்தியைப் பார்த்தார். பிறகு அவர் பெரிய துண்டாக வெட்டி என் கையில் வைத்தார். கணவரின் பங்கு பாதியானது. நான் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு அன்கே என் காதில் ஜெர்மனில் கிசுகிசுத்தாள்: “புத்தகத்தில் படிக்கவில்லையா? அது மரியாதைக்குக் கேட்பது. வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புத்தகமா? இதற்கா எனக்குப் புத்தகம் வேண்டும்? கோவையில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினால் அம்மா முதலில் செய்வது இதைத்தானே! வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே எதிர் இருக்கையைப் பார்த்து, “சாப்பிடறீங்களாங்க?” என்பார். “இல்லீங்க, நீங்க சாப்பிடுங்க” என்று அங்கிருந்து பதில் வரும். அத்தோடு இரண்டு பக்கமும் திருப்தி. யாராவது “சரிங்க, கொடுங்க” என்று கையை நீட்டியிருந்தால் அம்மா அந்தக் கதையைப் பத்து வருடம் சொல்லியிருப்பார். பிறந்ததிலிருந்து தெரிந்த மரியாதையை நான் ஜெர்மனியில் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன், ஜெர்மன்காரி அதைப் புத்தகத்தில் படித்துக் காப்பாற்றிவிட்டாள். மானம் கப்பலேறியது. வாயில் இருந்த உருளைக்கிழங்கு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

ஒரு வழிதான் தோன்றியது. பையைத் திறந்து யாழ்ப்பாணத்து அக்காவின் மிக்சரை எடுத்து, “குஸ்தாய்ஸ்?” என்றேன். இருவரும் முறைப்படி, “இல்லை இல்லை, நீ சாப்பிடு” என்றார்கள். நான் விடவில்லை. இன்னொரு தடவை கேட்டேன், மூன்றாம் தடவை அந்தத் துணியிலேயே கொட்டிவிட்டேன். கணவர் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். முகம் சிவந்தது, மூக்கில் தண்ணீர் வந்தது, “மாத்ரே மியா!” என்று கத்தினார், மறுபடியும் அள்ளினார். மனைவி சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

“நாற்பது பேரிடம் கேட்டிருப்பேன் அம்மா, வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் நீதான்” என்றார் அந்தப் பெண்மணி. பெயர் பிலார். ஆவிலாவில்தான் வீடு. ஏன் சரி என்று சொன்னாய் என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சமையலறை, ஆப்பிள் கேக், அம்மாவின் ரயில் பொட்டலம் எல்லாவற்றையும் சொன்னேன். இறந்தகாலம் எதிர்காலமானது, ஆண்பால் பெண்பால் எல்லாம் கவிழ்ந்தது. யார் கவலைப்பட்டார்கள்? அவர்கள் குறுக்கே புகுந்தார்கள், நானும் குறுக்கே புகுந்தேன். ஆப்பிள் கேக் கதை வந்தபோது அன்கே, “அப்போ உனக்கு இனிப்பு பிடிக்குமா?” என்று ரயில் அதிரக் கத்தினாள். பிலார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஆவிலா வரும்வரை நான் வாயை மூடவே இல்லை. மதில்மேல் நடந்தபோதும் பிலார் கூடவே வந்தார், அங்கேயும் பேச்சுதான். அந்த மதிலில் எத்தனை கோபுரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மீதி இருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் பிலார் வீட்டில்தான் சாப்பாடு. நான் ஒழுங்காக இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாம் தடவை சாப்பிட்டேன்.

தேர்வு நாள் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர், ஒரு பெண்மணியும் ஓர் இளைஞரும். பார்த்த ஓர் இடத்தைப் பற்றிப் பேச வேண்டும். நீரியல் படித்தவள் ஆயிற்றே, செகோவியா நகரின் ரோமானியக் கல் வாய்க்காலைப் பற்றி அட்சரம் பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தேன். மூன்றாவது வாக்கியத்தில் நின்றது. அப்படியே ஹனோவர் வகுப்பறை. தலைக்குள் வெள்ளைத் தாள். முடிந்தது என்று நினைத்தேன். பெரு, கிணறுகள், இரண்டு வருட உழைப்பு, எல்லாம் முடிந்தது.

அந்தப் பெண்மணி தண்ணீர்ப் புட்டியைக் காட்டி, “கொஞ்சம் வேண்டுமா?” என்றார். “வேண்டாம், பரவாயில்லை” என்றேன். “குடி அம்மா” என்றார். “வேண்டாம்.” “குடி என்கிறேன்!” என்று கோப்பையில் ஊற்றி முன்னால் நகர்த்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேர்வறையில், பயத்தின் நடுவில், அடக்க முடியாத சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறாய் என்று இருவரும் கேட்டார்கள். வாய்க்காலை ஓரமாக வைத்துவிட்டு, எதற்கென்று சொன்னேன். மிக்சர் வரைக்கும் வருவதற்குள் இளைஞர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பெண்மணி குறுக்குக் கேள்வி கேட்டார், நான் எதிர்க்கேள்வி கேட்டேன். உங்கள் வீட்டில் யாராவது சரி என்று சொல்லியிருக்கிறார்களா என்றேன். அவர் தன் மைத்துனரைப் பற்றித் தொடங்கினார். நேரம் முடிந்தும் அது முடியவில்லை. மறுநாள் அறிவிப்புப் பலகையில் என் பெயருக்கு நேரே தேறியதாகப் போட்டிருந்தது. நடைபாதையிலேயே நான் போட்ட கூச்சலில் அன்கே காதைப் பொத்திக்கொண்டாள். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் குரல் எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தது, அதற்காக அழுதேன்.

ஹனோவர் திரும்பியதும் பேராசிரியர் எழுந்து நின்று கை கொடுத்தார். நான் அவரிடம் ஒரே மூச்சில் ஆறு கேள்வி கேட்டேன். ஜெர்மனில்தான், வினைச்சொல் கிடைத்த இடத்தில் நின்றுகொண்டது. அவர் கண்ணாடியைக் கழற்றவும் மறந்து பதில் சொன்னார்.

துறை அலுவலகச் சுவரில் பெரிய உலக வரைபடம் ஒன்று உண்டு. களத்துக்குப் போகிறவருடைய ஊரில் ஒரு குண்டூசி, போகும் இடத்தில் ஒரு குண்டூசி, நடுவில் சிவப்பு நூல். செயலாளர் ஃபிராவ் லேமன், நம் வழக்கில் லேமன் அம்மா, கோயம்புத்தூரைத் தேடிப் பிடித்து, குண்டூசியும் அளந்து வெட்டிய நூலுமாகக் காத்திருந்தார். “உங்கள் ஊர் இதுதானே?” என்றார்.

“இதுதான். ஹனோவரிலும் ஒன்று வேண்டும்” என்றேன்.

“ஒருவருக்கு ஓர் ஊர். அதுதான் இங்கே முறை.”

முன்பென்றால் நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பேன். “என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது இந்த ஊரில். என் சைக்கிள் திருட்டுப் போனது இந்த ஊரில். ரயிலில் எதிரில் இருப்பவர் ஆம்லெட்டைப் பிடுங்கித் தின்னும் அளவுக்கு என்னை மாற்றியதும் இந்த ஊர்தான். இது எப்படி என் ஊர் இல்லாமல் போகும்?” என்றேன்.

“அப்படியானால் ஹனோவரில் மட்டும் குத்திவிடட்டுமா? கோயம்புத்தூர் வேண்டாம்?”

“ஐயோ, அது எப்படி? அதுவும் வேண்டும்!”

சத்தம் கேட்டுப் பேராசிரியர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கத்துவது நான்தான் என்று தெரிந்ததும் மறுபடி கதவைச் சாத்திக்கொண்டார். ஃபிராவ் லேமன் பெருமூச்சு விட்டு, டப்பியிலிருந்து இன்னொரு குண்டூசியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “நீங்களே குத்துங்கள். நான் பார்க்கவில்லை.”

இரண்டு ஊரிலும் நானே குத்தினேன். கோயம்புத்தூரில் முடிச்சுப் போட்டு, நூலை மேலே ஹனோவருக்கு இழுத்து ஒரு சுற்றுச் சுற்றி, பெருவை நோக்கிக் கொண்டுபோனேன். ஒரே ஊருக்கு அளந்து வெட்டிய நூல், கடலுக்கு நடுவிலேயே தீர்ந்துபோனது. அதன் நுனியைப் பிடித்துக்கொண்டே திரும்பி, “இன்னும் கொஞ்சம் நூல் வேண்டும்” என்றேன், சத்தமாகவே.