சொப்புச் சாமானுக்கு ஒரு மோட்டார்

1. திரும்பி வந்த கிரைண்டர்

டூல்ஸ் கடையில் நான் சேர்ந்த முதல் நாள். பில் மெஷினுக்குப் பேப்பர் ரோல் மாட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து கவுண்ட்டர் மேல் ஒரு மெஷினை வைத்தார். வைத்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கவுண்ட்டர் கண்ணாடியே அதிர்ந்தது.

"ஏனுங்க, இது ஆகறதில்லீங்க. தொட்டா எரிக்குது."

எங்கள் முதலாளி நசீர் பாய் முகம் மாறிவிட்டது. முந்தின வாரம் அவர் கையால் விற்றது அது. டை கிரைண்டர் என்போம். ஒரு கையால் பிடித்து இரும்பு ஓரங்களைத் தேய்க்கிற நீட்டமான மெஷின். வந்தவர் பெயர் குப்புசாமி. சூலூர்க்காரர். வாலிபத்திலிருந்து போர்வெல் ரிக்கில் டிரில்லராக இருந்தவர். "ரிக்கு வேலைக்கு, இரும்புல பிசிர் எடுக்கோணும்" என்று கேட்டிருக்கிறார். பாயும் அந்த வேலைக்கு ஏற்றதைத்தான் கொடுத்திருக்கிறார்.

நான் அதற்கு முன்னால் பம்ப்செட் கம்பெனியில் வைண்டிங் செக்‌ஷனில் இருந்தவள். மோட்டார் எரிந்திருந்தால் மூக்கே சொல்லிவிடும். எடுத்து முகர்ந்தேன். வார்னிஷ் நாற்றம் இல்லை. முன்னால் மாட்டியிருந்த கல்லைப் பார்த்தேன். பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். கருகின மரத்தூள்.

"அண்ணா, மெஷின் நல்லா இருக்குதுங்க. ஆனா ரிக்குல மரம் ஏதுங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இரண்டு பேர் வட்டத் துளை போடுகிற ஹோல்-சா கேட்டு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பில் போட்டுப் போகும்வரை, ஆணி டப்பாக்களை எண்ணுகிறவர் போல ஒதுங்கி நின்றார். அப்புறம் வந்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, குரலை இறக்கி, "சிரிக்கப்படாது" என்றார்.

போட்டோவில் ஒரு கட்டில். பக்கத்தில் டிரெஸ்ஸிங் டேபிள், இழுப்பறையோடு. ஒரு சாப்பாட்டு மேஜை, நாலு நாற்காலி. எல்லாம் உள்ளங்கையில் அடங்குகிற அளவு. ஸ்கேலுக்காகப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்திருந்தார். தீப்பெட்டிதான் கட்டிலைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"நீங்க செஞ்சதுங்களா?"

"பொழுது போகோணுமில்லீங்க. பிளேடும் உப்புத்தாளும் வெச்சு செஞ்சுபோட்டேன். ஆனா கால் கடையோணும், பூ வேலை பண்ணோணும்னா கையால ஆகறதில்ல. பக்கத்து ஊட்டுக்காரன் ஒருநா பாத்துப்போட்டு, ரிக்குக்காரன் சொப்புச் சாமான் வெச்சு விளையாடறான்னு டீக்கடையில சொல்லிட்டான். அதுல இருந்து ஆருகிட்டயும் சொல்றதில்லீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இழுப்பறையின் கைப்பிடி குண்டூசித் தலை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2. வலிக்காத கட்டைவிரல்

வேலை தெரிந்துவிட்டால் மெஷின் சொல்வது சுலபம். இவருக்கு வேண்டியது ரோட்டரி டூல். பேனாவைவிடத் தடிமனான ஒரு சின்ன மோட்டார். முனையில் சிறு சிறு பிட்டுகளை மாற்றி மாற்றி மாட்டலாம். துளை போடலாம், செதுக்கலாம், தேய்க்கலாம், பாலிஷ் போடலாம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதுதான் முக்கியம். டை கிரைண்டருக்கு ஒரே வேகம், அதுவும் இரும்புக்கான வேகம். மென்மையான மரத்தை அதில் வைத்தால் கருகாமல் என்ன செய்யும்?

டெமோ மேஜையில் ஒரு ரோட்டரி டூலை எடுத்து, மரம் தேய்க்கிற உருளையை மாட்டி, வேகத்தைக் குறைத்து அவர் கையில் கொடுத்தேன். ஒரு துண்டு மரமும் கொடுத்தேன். சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மரத்தை விரலிடுக்கில் திருப்பித் திருப்பி, சாய்த்து, நாற்காலிக் கால் ஒன்றை உருவாக்கிக்கொண்டே வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. பாய்கூட எட்டிப் பார்த்துவிட்டு, பில் போடப் போனார்.

அப்போது மரத்துண்டின் மேல் சிவப்பாக ஒரு கோடு பார்த்தேன். முதலில் மரத்தின் நிறம் என்று நினைத்தேன். அது பரவியது. சட்டென்று ஸ்விட்சை அணைத்தேன்.

"அண்ணா! கை!"

"என்னாச்சுங்க?"

அவருடைய இடது கட்டைவிரல் ஓரம் தோல் உரிந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. சுழலுகிற உருளை மேல் விரல் பட்டிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை.

"வலிக்கலீங்களா?"

விரலைத் தூக்கிப் பார்த்தார். யாருடைய விரலையோ பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. "அது அப்படித்தானுங்க. ரிக்கு லீவர் புடிச்சுப் புடிச்சு வெரலு செத்துப்போச்சு. அதனாலதான் வேலையையே உட்டேன். டாக்டரு அதிர்ற சாமானைத் தொடவே வேண்டாம்னாரு. இது சின்னதுதானேன்னு வந்தேனுங்க."

மறு கையைப் பார்த்தேன். மெஷின் பிடித்திருந்த வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியிலிருந்து பாதிவரை வெள்ளையாகிவிட்டிருந்தன. சுண்ணாம்பில் முக்கி எடுத்த மாதிரி.

டெட்டால் வைத்துக் கட்டுப் போட்டேன். அப்புறம் மெஷினைத் துடைத்து டப்பாவில் வைத்து மூடினேன்.

"இதை நான் உங்களுக்கு விக்க மாட்டனுங்க அண்ணா."

கிரைண்டரைப் பாய் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தார். "சரிங்க, வாரேன்" என்று குப்புசாமி போய்விட்டார்.

அவர் போன பிறகு பாய் என் பக்கம் வந்தார். கோபம் இருந்தது. அடக்கிக்கொண்டுதான் பேசினார். "சாந்தாமணிக்கா, மொத நாளே வந்த கஸ்டமரை அனுப்பிப்போட்டீங்க. பெரிய மனுசன், கேட்டு வாங்கறாரு. வேண்டாம்னு சொல்ல நாம ஆருங்க?"

"விரல் போனா நம்ம கடை மெஷின்ல போச்சும்பாங்க பாய்."

"அதுவும் செரிதான்" என்றார். ஆனால் அன்று சாயங்காலம்வரை என்னிடம் அதிகம் பேசவில்லை. எனக்கும் மனசு சரியில்லை. செய்தது சரி என்று தெரியும். அந்த ஆள் கட்டுப் போட்ட விரலோடு படி இறங்கிப் போனதுதான் கண்ணில் நின்றது.

3. சரஸ்வதி அம்மா

அடுத்த வாரம் ஒரு அம்மா வந்தார். கையில் ஒரு துணிப்பை. கடைக்குள் வந்ததும் நேராக என்னிடம், "நீங்கதானுங்களா மெஷின் தர மாட்டேன்னது?" என்றார்.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"குப்புசாமி ஊட்டுக்காரிங்க நானு. சரஸ்வதி. நீங்க செஞ்சது நல்லதுதான், சண்டைக்கு வரலீங்க." பையிலிருந்து அந்தக் கட்டிலை எடுத்து கவுண்ட்டரில் வைத்தார். நேரில் இன்னும் சின்னதாக இருந்தது. "ரிக்கை உட்டுப்போட்டு வந்து எத்தனையோ மாசம் டிவி முன்னாடியே உக்காந்திருந்தாருங்க. கேட்டா கேட்டதுக்குப் பதிலு. இதைச் செய்ய ஆரம்பிச்ச பொறகுதான் சோறு திங்கறப்போ பேச ஆரம்பிச்சாரு. அந்த மரம் எப்படி, இந்த மரம் எப்படின்னு. எனக்கென்ன புரியுது? ஆனா பேசறாரில்ல? நீங்க வேண்டாம்னதுல இருந்து எல்லாத்தையும் பீரோ மேல ஏத்திப்போட்டாரு. மறுபடியும் டிவிதான். ஏதாச்சும் வழி இருக்குதுங்களா அம்மணி?"

ஒன்று மட்டும் சொன்னேன். "மொதல்ல அவரோட டாக்டர்கிட்டக் கேளுங்க. சின்ன மெஷின், கொஞ்ச நேரம், ஆகுமா ஆகாதான்னு தெளிவாக் கேளுங்க. அவரு ஆகாதுன்னா நானும் தர மாட்டேன். ஆகும்னா ரெண்டு பேரும் சேந்து வாங்க."

அந்த அம்மா போன பிறகு, குப்புசாமி அண்ணனுக்கு வேறொரு மெஷின் காட்டலாமா என்று பாயிடம் கேட்டேன். நகைப் பட்டறைக்காரர்கள் வாங்குகிற ஒரு மெஷின் எங்கள் கடையில் உண்டு. மோட்டார் தனியாகக் கொக்கியில் தொங்கும். அதிலிருந்து ரப்பர் குழாய் மாதிரி ஒரு வளையும் ஷாஃப்ட் வரும். அதன் முனையில் பேனா அளவு கைப்பிடி. கையில் மோட்டாரே இல்லை, அதனால் அதிர்வு குறைவு. வேகம் காலடியில் இருக்கிற பெடலில்.

"அது பொழப்புக்கு வாங்கறவங்க மெஷின்க்கா. ஆசைக்குச் செய்யறவங்களுக்கு எதுக்கு?" என்றார் பாய். கேட்டுவிட்டு அவரே ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து இறக்கி, டெமோ மேஜைக்கு மேலே கொக்கி அடித்து மாட்டியும் கொடுத்தார்.

4. சோதனை

இருவரும் சேர்ந்து வந்தார்கள். டாக்டர் சொன்னதைச் சரஸ்வதி அம்மா மனப்பாடமாகச் சொன்னார். ரிக்கு மாதிரி அதிர்வது எதுவும் கூடாது. சின்னதென்றால் கொஞ்ச நேரம், நடுவில் கை ஆற வேண்டும். விரல் வெளுத்தால் உடனே நிறுத்தி, நிறம் திரும்பும்வரை தொடக் கூடாது. கை குளிரக் கூடாது. பீடி அறவே கூடாது. கடைசியைச் சொல்லும்போது கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

மூன்று மெஷின்களை வரிசையாக வைத்தேன். முதலில் பேட்டரியில் ஓடுவது. வெயிட் இல்லை, ஒயர் இல்லை, பார்க்க அழகு. ஆனால் மோட்டார் கைக்குள்ளேயே இருக்கிறது. மரம் வைக்காமலே அவர் கொஞ்ச நேரம் ஓட்டினார். நிறுத்தச் சொல்லி, சரஸ்வதி அம்மா அவர் கையைப் பிடித்து விரல் விரலாகப் பார்த்தார். நுனி வெளுக்க ஆரம்பித்திருந்தது. நிறம் திரும்பும்வரை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது, ஒயர் வைத்தது. இன்னும் சீக்கிரமாக வெளுத்தது, மறுபடியும் ஒரு டீ. அவர் முகம் தொங்கிவிட்டது. "உடுங்க அம்மணி. ஆகாததுக்கு என்னத்துக்கு?"

"இன்னொண்ணு இருக்குதில்லீங்க" என்றது நானில்லை, பாய். பில் போடுகிற இடத்தை விட்டு எழுந்து வந்திருந்தார்.

மூன்றாவது, தொங்கும் மோட்டார். இந்தத் தடவை மரமும் வைத்தேன், ஆனால் கையில் பிடிக்க விடவில்லை. மேஜையில் சின்ன வைஸ் ஒன்றைப் பூட்டி அதில் மரத்தை இறுக்கினேன். உணர்ச்சி இல்லாத விரல் பிட் பக்கத்தில் போகவே கூடாது. பெடலில் காலை வைத்தார். மெதுவாகச் சுழன்றது. பிட்டை மரத்தில் அழுத்தினார், சத்தம் இறங்கியது. "சத்தம் இறங்கினா நீங்க அழுத்தறீங்கன்னு அர்த்தம். பிட்டு தானா திங்கட்டும்" என்றேன். கையை லேசாக்கினார். மோட்டார் சீராகப் பாட ஆரம்பித்தது. வைண்டிங் செக்‌ஷனில் டெஸ்டிங் பெஞ்சில் நல்ல மோட்டார் பாடுகிற அதே சத்தம்.

முன்னால் இரண்டு மெஷின் ஓட்டிய நேரத்தைவிடக் கூடவே ஓட்டினார். அப்புறம் காலை எடுத்தார். மெஷின் நின்றது. கையை மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மா நுனியை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். நகத்தடியில் சிவப்பு இருந்தது. அப்படியே அந்தக் கையை விடாமல் என்னைப் பார்த்தார். பாய், "பிட்டெல்லாம் எடுத்து வைங்க சாந்தாமணிக்கா" என்றார்.

பிட்டுகளில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நூற்றுக்கணக்கில் பீஸ் அடைத்த பெட்டியைப் பார்த்தால் எல்லோருக்கும் கை போகும். குப்புசாமி அண்ணனுக்கும் போனது. அதில் பாதி ஒரே சைஸ் உப்புத்தாள் வட்டம், மீதியில் பாதி அவர் ஜென்மத்துக்கும் தொடாதது. எடுத்துக் கொடுத்தது இவ்வளவுதான்: செதுக்க உருண்டை முனையில் ஒன்று, கூர் முனையில் ஒன்று. தேய்க்க உருளை, அதற்கு முரட்டுத்தாளும் சன்னத்தாளும். மெல்லிய டிரில் பிட்டுகள் கொஞ்சம், ஒடியும் என்பதால் உபரியோடு. கடைசிப் பாலிஷுக்குக் கம்பளி வட்டு மாதிரி ஒரு ஃபெல்ட். பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கிற காலட் மட்டும் அந்தந்தத் தடிமனுக்குச் சரியாக இருக்க வேண்டும். லூசாக இருந்தால் பிட் ஆடும், ஆடினால் கையும் ஆடும். கூடவே கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மாஸ்க். "என்னோட படிக்கற கண்ணாடி இருக்குதுங்களே" என்றார். அது ஆகாது என்று பாய் சொன்னார்.

"அறுக்கற வட்டு?" என்று கேட்டார்.

"அது கிடையாதுங்க."

"அது இல்லாம பலகை எப்படிங்க அறுக்கறது?"

"அந்த வட்டு உடைஞ்சு தெறிக்கும். கை கொஞ்சம் கோணினாப் போதும். உங்க கைக்கு அது வேண்டாம் அண்ணா."

அவர் விடவில்லை. நானும் விடவில்லை. நடுவில் சரஸ்வதி அம்மா, "கையால அறுக்கற ரம்பம் இல்லீங்களா?" என்றார். சன்னமான பிளேடு மாட்டுகிற வில் ரம்பத்தை எடுத்துக் காட்டினேன். அந்த அம்மாவே வாங்கி, ஒரு மரத்துண்டில் இழுத்துப் பார்த்தார். கோடு நேராக வந்தது.

"நீ அறுப்பியா?" என்றார் அண்ணன்.

"தறி ஓட்டின கைங்க. நூலுக்கு நூல் பாத்தவ நான். பலகை அறுக்க மாட்டனா?"

5. அதற்கப்புறம்

அன்றிலிருந்து ஒன்றை மாற்றிக்கொண்டேன். ரோட்டரி டூல் கேட்டு வருகிறவரிடம் எந்த கம்பெனி, எவ்வளவு பட்ஜெட் என்று நான் முதலில் கேட்பதில்லை. என்ன செய்யப் போறீங்க என்று கேட்பேன். பெரியவர்கள் இந்த ஆசையைச் சொல்ல வெட்கப்படுவார்கள். பொய் சொல்வார்கள். அவசரப்படாமல் இருந்தால் போனை எடுத்துக் காட்டுவார்கள். அடுத்து அவர்கள் கையைப் பார்ப்பேன். புதிதாக கவுண்ட்டருக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இவ்வளவுதான்: முதலில் வேலை, அப்புறம் கை, கடைசியில்தான் மெஷின்.

போன மாதம் இருவரும் வந்தார்கள். மோட்டாருக்குள் தேய்கிற கார்பன் பிரஷை மாற்ற என்று சொன்னார்கள். பிரஷ் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. விஷயம் அதுவல்ல, சரஸ்வதி அம்மாவுக்குத் தனியாக ஒரு மெஷின் வேண்டுமாம்.

"அவரு கைப்புடியக் குடுக்கறதே இல்லீங்க. நான் எப்பப் பாத்தாலும் அறுத்துக் குடுத்துட்டே இருக்கோணுமா? எனக்கு நல்ல கை. பேட்டரியே போதும்."

பேட்டரி மெஷினை எடுத்து வைத்தேன். பக்கத்தில் பெரிய பெட்டி ஒன்று இருந்தது, நூற்றுக்கணக்கில் பிட் அடைத்தது. அந்த அம்மாவின் கை அதன் மேல் போனது.

குப்புசாமி அண்ணன் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, கடையில் அத்தனை பேர் நிற்க, சத்தமாகக் கேட்டார்: "அதெல்லாம் அப்பறம். நீ மொதல்ல என்ன சொப்பு செய்யப் போற, அதச் சொல்லு."