சாகவிடாத வைத்தியர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு வைத்தியர் என்று பெயர். மருந்து மாத்திரை எதுவும் தெரியாது. சளி பிடித்தால் வாரக்கணக்கில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே திரிவார். நாங்கள் செல்போனில் விளையாடும் வீடியோ கேம் தயாரிக்கிறோம். கதை அவர் எழுதுவார், படம் நான் வரைவேன். விளையாடுகிறவர்களுக்குப் பிடித்த ஆள் கதையில் செத்துப்போனால், அடுத்த அத்தியாயத்தில் அவனை எழுப்பி உட்கார வைப்பது அவர் பொறுப்பு. அப்படி வந்த பெயர் அது.

எங்கள் கதையின் தளபதி மலையிலிருந்து விழுந்திருக்கிறார், எரிகிற கோட்டைக்குள் சிக்கியிருக்கிறார், நெஞ்சில் ஈட்டி வாங்கியிருக்கிறார். மலையடியில் ஒரு மரக்கிளை தாங்கிக்கொண்டது. கோட்டைக்குள் ரகசியப் பாதை இருந்தது. ஈட்டி வாங்கினது தளபதியே இல்லையாம், அவரைப் போல வேஷம் போட்ட வேறொருவனாம். வைத்தியர் வாய் கூசாமல் எழுதுவார், நான் கை கூசாமல் வரைவேன். என் பங்குக்கு ஒவ்வொரு தடவையும் தளபதி முகத்தில் ஒரு தழும்பு கூட்டிவிடுவேன். இப்போது தழும்புகளுக்கு நடுவே முகத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான். "உடம்பைக் காட்டாதீங்க. உடம்பைக் காட்டாத வரைக்கும் எவனும் சாகலை."

இதை எங்களைவிட அதிகம் கேட்டவள் அவருடைய தங்கை. மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. எங்கள் கேம் வெளியே போவதற்கு முன்னால் விளையாடிப் பார்த்துக் குறை சொல்லும் முதல் ஆளும் அவள்தான். ஒரு மரக்கிளை எப்படி அத்தனை கனத்தைத் தாங்கும் என்று அண்ணனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் புருஷன் சிரிப்பார். அவருக்குக் கழிவுநீர் போகப் பூமிக்கடியில் சுரங்கம் தோண்டும் வேலை. வாரம் முழுக்க வேலைத்தளத்தில் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சுரங்கம் இடிந்து தண்ணீர் புகுந்தது. உள்ளே இருந்தவர்களில் ஒருவன் தண்ணீரோடு அடித்துக்கொண்டு போய், மறுமுனையில் உயிரோடு வந்து விழுந்தான். எங்கள் வைத்தியரே எழுதக் கூச்சப்படும் பிழைத்த கதை, ஆனால் நடந்தது. செய்தியில் எங்கே திரும்பினாலும் அவன் முகம்தான். தங்கை புருஷன் வரவில்லை. சில நாள் தேடிவிட்டு, அதற்கு மேல் தோண்டினால் மேலே இருக்கும் தெருவே உள்ளே இறங்கிவிடும் என்று கான்கிரீட் ஊற்றி மூடிவிட்டார்கள்.

இடிந்த அன்றைக்கே வேலைத்தளத்துக்குப் போய் விசாரித்தவர் வைத்தியர். மேஸ்திரி அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். இரும்புச் சட்டத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட தங்கை புருஷனின் கையைப் பிடித்தபடி, தண்ணீர் தன் கழுத்துக்கு ஏறும்வரை மேஸ்திரி கூடவே இருந்திருக்கிறார். பிடித்த கை சில்லிட்டுப்போன பிறகுதான் விட்டுவிட்டு மேலே ஏறியிருக்கிறார். வீட்டுக்கு நானே வந்து சொல்லட்டுமா என்று அந்த மனுஷன் கேட்டும் இருக்கிறார். வேண்டாம், என் தங்கைக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார் வைத்தியர். கீழே இறங்குகிறவர்கள் தங்கள் பையை மேலே ஓர் அலமாரியில் வைத்துவிட்டுப் போவார்களாம். அந்தப் பையையும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

பையை வண்டியிலேயே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் போனார். சொல்லும் எண்ணம் இருந்தவர் செய்கிற காரியமா அது? வாசலில் நின்ற தங்கை முகத்தைப் பார்த்ததும் இருந்த கொஞ்ச நஞ்சத் தைரியமும் போய்விட்டது.

"தேடிட்டு இருக்காங்கம்மா. உடம்பு எதுவும் கிடைக்கலை," என்றார்.

தொழில் புத்தி! சாயங்காலம் வரைக்கும் அவள் கொஞ்சம் மூச்சு விடட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். பையை அலுவலக மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அந்தச் சாயங்காலம் இரண்டு வருஷமாக வரவில்லை.

இதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. ஏழாம் அத்தியாயத்தில் தளபதியை மறுபடியும் சாகடிக்க வேண்டும் என்று முதலாளி அவசரப்படுத்தினார். வைத்தியர் ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு வந்தார். இடிந்த மதிலுக்கு அடியில் தளபதி கிடக்கிறார், தோழன் கையைப் பிடித்திருக்கிறான், பிடித்த கை சில்லிடுகிறது. எனக்குப் படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. அந்தக் கையை மாய்ந்து மாய்ந்து வரைந்தேன். எட்டாம் அத்தியாயத்தில் தளபதி எழுந்துவிட்டார். கை சில்லிட்டதற்கு ஏதோ ஒரு மூலிகை காரணம்.

இதெல்லாம் எனக்குப் போன வெள்ளிக்கிழமைதான் தெரியும். தங்கை வேலை செய்யும் பட்டறை வேறு ஊருக்குப் போகிறது. கூட வருகிறவர்கள் திங்கட்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும், வராதவர்களுக்கு வேலை இல்லை. அவளுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான், இந்த ஊரில் வேறு பட்டறையும் கிடையாது. ஆனாலும் வரமாட்டேன் என்று சொல்லப்போகிறாள். அவர் திரும்பி வந்து பூட்டின வீட்டைப் பார்த்தால் எங்கே போவார் என்று கேட்கிறாளாம். வைத்தியர் என் மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வருவீர்களா என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நீங்கள் எல்லாம் ஒரு அண்ணனா என்று கேட்டுவிட்டேன். அப்புறம் அந்தக் கை நினைவுக்கு வந்தது. வருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். இரண்டாவது மாடி. மணி அடித்ததும் உள்ளே சாவி திரும்பும் சத்தம் கேட்டது, கதவு மட்டும் திறந்தபாடில்லை. தங்கை சாவியை உருவி, மறுபடி போட்டு, கதவை முட்டித் தள்ளித் திறந்தாள்.

"பூட்டுக்காரர் இதை மாத்தச் சொல்லிட்டார் அக்கா," என்றாள் என்னிடம். "நான்தான் வேண்டாம்னுட்டேன். அவர்கிட்ட இருக்கிறது இந்தப் பூட்டோட சாவி."

வைத்தியர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புது அத்தியாயத்தைக் காட்ட வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு காப்பி போட்டுக் கொடுத்தாள். இந்தத் தடவை தளபதியைத் தண்ணீரில் தள்ளாதே, அந்தத் தழும்போடு அவர் நீந்தினால் பார்க்கச் சகிக்காது என்று கிண்டல் செய்தாள். காப்பி ஆறியது. வைத்தியர் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை இல்லைம்மா. அன்னிக்கே போயிட்டார்."

"உடம்பைக் காட்டினாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் காப்பிக் கோப்பையைப் பார்த்தேன். பிறகு மேஸ்திரி சொன்னதைச் சொல்லத் தொடங்கினார். இரும்புச் சட்டம், கழுத்தளவு தண்ணீர், பிடித்திருந்த கை, கை சில்லிட்டது. அவள் குறுக்கே பேசாமல் கடைசி வரைக்கும் கேட்டாள்.

"இது ஏழாம் அத்தியாயம்," என்றாள். "நான் விளையாடியிருக்கேன், அண்ணா. அங்கே மதிலு, இங்கே இரும்பு. எட்டுல எழுந்து வந்துட்டாரே."

வைத்தியர் சத்தியம் செய்தார். மேஸ்திரியின் சட்டை நிறத்தைச் சொன்னார், நீலம் என்றார், இல்லை பச்சை என்று திருத்தினார். ஒவ்வொன்றும் எழுதிச் சேர்த்தது போலவே ஒலித்தது. பிழைப்பு முழுக்க ஒரு சாவையாவது ஒழுங்காக முடித்து வைத்த ஆளா? அவர் வாயால் வரும் சாவை யார் நம்புவார்கள்?

"நான் வெளியூர் வேலைக்குப் போகணும், அதானே உனக்கு?" என்றாள் தங்கை. "அதுக்காக அவரைக் கொன்னு கொண்டு வரணுமா? அக்கா, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

நான் என்ன சொல்ல? அந்தக் கையை வரைந்து கொடுத்தவளே நான்தான்.

வைத்தியர் பேச்சை நிறுத்தினார். காலடியில் வைத்திருந்த தன் துணிப்பைக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் பையை எடுத்துத் திறந்தார். அதைக் கொண்டுவந்திருக்கிறார் என்று எனக்கே அப்போதுதான் தெரியும். உள்ளேயிருந்து ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். பட்டறையில் கழித்துப்போட்ட லென்ஸ் ஒன்றில் துளை போட்டு அதில் கோத்திருந்தது. அவளே புருஷனுக்குச் செய்து கொடுத்தது.

தங்கை அதைக் கையில் எடுத்தாள். லென்ஸை மேல்துணியில் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அவள் தினமும் கீறல் பார்ப்பது அப்படித்தான்.

"இது எப்போ கிடைச்சுது?"

"அன்னிக்கே. மேல அலமாரியில வச்சிட்டுத்தான் இறங்கியிருக்கார்."

"அன்னிக்கே," என்றாள் அவள். சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "இது அவர் கையில இருக்குன்னுதானே நான் இங்கேயே உட்கார்ந்திருந்தேன். பூட்டுக்காரர் வந்தப்போ நீயும் இங்கேதானே இருந்தே, அண்ணா?"

இருந்திருக்கிறார். பூட்டை மாற்ற வேண்டாம் என்று அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, இதே நாற்காலியில் காப்பி குடித்திருக்கிறார். அவர் தலையை ஆட்டினார். என்னை நாலு அறை அறைஞ்சிடும்மா என்று அழுதார். அவள் அவரைத் தொடவில்லை, திட்டவும் இல்லை. ரெண்டு பேரும் கிளம்புங்கள் என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாள்.

நாங்கள் வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சாவி நுழையும் சத்தம் கேட்டது. பூட்டு சண்டித்தனம் செய்யவில்லை, ஒரே சுற்றில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் புழங்கிய சாவி, தேயவே இல்லை. வைத்தியர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்சம் பொறுத்து உள்ளே அழுகை கேட்டது. முதலில் மெதுவாக, அப்புறம் அக்கம்பக்கம் கதவைத் திறந்து பார்க்கும்படி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே வாசலில் அவள் அழுதிருக்க வேண்டிய அழுகை அது. வைத்தியரால் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டக் கையை ஓங்கினார். கதவு திறந்தால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்ததும் மறுபடி ஏதாவது சொல்லி அந்த ஆளை எழுப்பிவிடுவார். நான் அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன், உள்ளே அழுகை ஓயும்வரை விடவில்லை.